மூட்டு அசைவை ஸ்மார்ட்போனில் அளப்பது: முழுமையான வழிகாட்டி

அடிபட்ட மூட்டு தேறி வருகிறதா என்று கேட்டால் "முன்னைக்கு இப்போது பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு பதில் வேண்டுமானால், கோணத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். அதற்கான உணரி ஸ்மார்ட்போனிலேயே இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது. எண் கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில். முதல் முறை படுத்து அளந்தவர் அடுத்த முறை உட்கார்ந்து அளக்கிறார். போனை இரண்டு விரற்கடை தள்ளி வைக்கிறார். முதல் முறை காலை எழுந்ததும், அடுத்த முறை பயிற்சி முடிந்த சூட்டோடு அளக்கிறார். அதனால் இங்கே ஆப்பைவிட, உடலை வைக்கும் விதத்துக்கும் செய்யும் வரிசைக்கும்தான் அதிக இடம்.

## 1. அளக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்

சிகிச்சை தரும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தத் திசையில் அசைக்கலாம்? எத்தனை டிகிரி வரை? சொந்த பலத்தில் அசைக்கலாமா, அடுத்தவர் தாங்கிப் பிடித்துத்தான் அசைக்க வேண்டுமா?

தோள்பட்டைத் தசைநாணைத் தைத்திருந்தால் முதல் சில வாரங்களுக்குக் கையைச் சொந்த பலத்தில் தூக்கக் கூடாது என்பார்கள். குதிகால் நாண் தைத்தவர் பாதத்தை முகத்தை நோக்கி இழுக்கக் கூடாது என்பார்கள். "எவ்வளவு போகிறது, பார்த்துவிடுவோமே" என்று எல்லைவரை தள்ளிப் பார்க்கும் அந்த ஒரு தடவையே தையலுக்கு வினையாகலாம். 90 டிகிரி வரைதான் அனுமதி என்றால் 90 வந்ததும் நிறுத்தி, "90, இன்னும் போகும்போல் இருந்தது" என்று எழுதினால் போதும்.

சொந்த பலத்தில் வரும் கோணமும் உதவியோடு வரும் கோணமும் வேறுவேறு. இரண்டுக்கும் அனுமதி இருந்தால் இரண்டையும் அளந்து தனித்தனியே எழுதுங்கள். உதவியோடு 120 வரை போகும் மூட்டு சொந்த பலத்தில் 95இல் நின்றால், தடை பெரும்பாலும் தசை பலத்திலோ வலியிலோ இருக்கிறது. இரண்டும் 95இலேயே நின்றால் மூட்டே இறுகியிருக்கிறது அல்லது வீங்கியிருக்கிறது. பயிற்சியை மாற்றுவதா வேண்டாமா என்று பிசியோதெரபிஸ்ட் முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

## 2. எந்த வகை ஆப் என்று தெரிந்து எடுங்கள்

பெயர்கள் நூறு இருந்தாலும் வகை மூன்றுதான்.

ஈர்ப்பை வைத்து அளப்பவை. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பை வைத்துச் சொல்லும். ஐபோனில் மெஷர் ஆப்புக்குள் இருக்கும் லெவல் இந்த வகை. ஜெர்மனியின் ஆர்டபிள்யூடிஎச் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பைஃபாக்ஸ் ஆப்பில் உள்ள சாய்வுக் கருவியும் இதே வகைதான். பெரும்பாலான மூட்டுகளுக்கு இதுவே போதும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. அசைவு மேலும் கீழுமாக நடக்க வேண்டும். கதவு திறப்பதைப் போலக் கிடைமட்டமாகத் திரும்பினால் ஈர்ப்புத் திசை மாறாது, எண்ணும் நகராது. நின்றுகொண்டு முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பி அளக்கப் பார்த்துவிட்டு "ஆப் வேலை செய்யவில்லை" என்பவர்கள் ஏராளம். அதே அசைவை மல்லாந்து படுத்துச் செய்தால் முன்கை மேலிருந்து கீழே சாயும், எண் ஒழுங்காக வரும்.

திசைகாட்டியை வைத்து அளப்பவை. உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்புவது போன்ற கிடைமட்ட அசைவுக்கு இது. இரும்புக் கட்டில், ஸ்பீக்கர், போன் கேஸில் (உறையில்) இருக்கும் காந்தம் எதுவானாலும் எண்ணைக் கெடுத்துவிடும். முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். கழுத்துத் திருப்பலைக்கூட மல்லாந்து படுத்து, நெற்றியில் போனை வைத்து ஈர்ப்பு முறையிலேயே அளந்துவிடலாம்.

கேமராவை வைத்து அளப்பவை. புகைப்படத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் கோணம் சொல்லும், அல்லது உடலைத் தானே அடையாளம் கண்டு கோடு போடும். தனியாக அளப்பவருக்கு மிகவும் உதவும். ஆனால் கேமரா நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்றே கோணலாக இருந்தாலும் படத்தில் கோணம் மாறிவிடும். போனை மூட்டின் உயரத்தில் ஏதாவது ஒன்றில் சாய்த்து நிறுத்தி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் படத்தின் ஓரங்கள் இழுபடும். தானாகக் கோடு போடும் ஆப்புகள் தொளதொளப்பான உடையில் மூட்டைத் தவறான இடத்தில் குறிக்கும். எலும்பு முனைகளில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, புள்ளிகளை நீங்களே தொடுவது மேல்.

ஒரு வகையில் தொடங்கினால் கடைசிவரை அதே வகை, அதே ஆப். நடுவில் மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.

## 3. போனைச் சோதித்துத் தயார் செய்யுங்கள்

கேஸைக் கழற்றுங்கள். பின்பக்கக் கேமரா மேடு போனைத் தூக்கிவிடும் என்பதால் முதுகுப்புறமாக வைக்காமல், பட்டன் இல்லாத அல்லது குறைவாக உள்ள நீண்ட விளிம்பை உடலோடு சேர்த்து வையுங்கள். ஸ்கிரீன் தானாகத் திரும்புவதை நிறுத்திவிடுங்கள். அழைப்பும் அதிர்வும் வராதபடி செய்யுங்கள்.

பிறகு போனுக்குள்ளேயே எவ்வளவு பிழை இருக்கிறது என்று பாருங்கள். மேசையில் ஒரு கோடு போட்டு, போனை அதன்மேல் விளிம்பில் நிறுத்திப் படியுங்கள். அதே கோட்டில் முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி படியுங்கள். முதலில் 1.5, திருப்பியதும் 0.5, இரண்டும் ஒரே குறியில் (கூட்டல் அல்லது கழித்தல்) வந்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாதியாக்கினால் 1.0. அதுதான் போனின் பிழை. கழித்துப் பாதியாக்கினால் வரும் 0.5 மேசையின் சாய்வு. பிழை ஒரு டிகிரிக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தால் ஆப்பில் உள்ள அளவுதிருத்தத்தைச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். போனை மெல்லச் செங்குத்தாக்கி, அதையும் தாண்டிச் சாயுங்கள். பல ஆப்புகளில் எண் 88, 89, 90 என்று ஏறி, பிறகு 89, 88 என்று இறங்கும். உங்கள் ஆப் அப்படியானால், செங்குத்தைத் தாண்டிய பிறகு 70 என்று காட்டுவதை 110 என்று படிக்க வேண்டும். இது தெரியாமல் "கை போன வாரத்தைவிடக் குறைவாகத்தான் போகிறது" என்று கலங்கிப்போனவர்கள் உண்டு. உண்மையில் கை முன்னேறியிருக்கும்.

## 4. கையில் இருக்க வேண்டியவை

தோலில் எழுதும் பேனா, மடித்த துண்டுகள் இரண்டு, அளவு நாடா, ஒரு நோட்டு. போனைக் கட்ட வெல்க்ரோ பட்டை இருந்தால் நல்லது. கட்டில் மெத்தை அமுங்கும், அதனால் தரையில் விரித்த பாய் அல்லது கெட்டியான படுக்கைதான் சரி.

பேனா எதற்கென்றால், போன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். விளிம்பின் இரண்டு முனைகளும் படும் இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளி அழிந்துவிடும் என்பதால், எந்த எலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதை நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருப்பவர் போனை மேல்கையில் கட்டக் கூடாது. சில போன்களுக்குள் காந்தம் இருக்கிறது. ஐபோனைப் பொறுத்தவரை 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே வைக்கச் சொல்கிறது ஆப்பிள். இவர்களுக்குக் கேமரா முறையே நல்லது.

## 5. அளக்கும் வரிசை

எந்த மூட்டானாலும் வரிசை இதுதான்:

1. நேரத்தை நிலையாக வையுங்கள். காலையில் விறைப்பு அதிகம், பயிற்சிக்குப் பின் அசைவு அதிகம். பயிற்சிக்கு முன், ஐந்து நிமிடம் இலேசாக அசைத்த பிறகு என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளலாம்.
2. முதலில் நல்ல பக்கம். செய்ய வேண்டிய அசைவு உடலுக்குப் பிடிபடும், ஒப்பிட ஓர் எண்ணும் கிடைக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் "இயல்பான" கோணத்தைவிட உங்கள் மறுபக்கமே உங்களுக்கான அளவுகோல்.
3. தொடக்க நிலையில் போனை வைத்துப் படியுங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அப்படியே எழுதுங்கள், பிறகு கழித்துக்கொள்ளலாம்.
4. மெதுவாக எல்லைவரை போய், இரண்டு மூன்று நொடி நின்று படியுங்கள். வீசி அசைத்தால் வேகமே எண்ணைக் கெடுக்கும். அந்த உணரியால் வீச்சையும் ஈர்ப்பையும் பிரித்தறிய முடியாது.
5. மூன்று முறை செய்து நடு எண்ணை எடுங்கள். மூன்றும் ஐந்து டிகிரிக்கு மேல் சிதறினால் உடல் எங்கோ ஏமாற்றுகிறது. நிறுத்தி, நிலையைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அளங்கள்.

தனியாக அளக்கும்போது ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு அசைத்துவிட்டு, பிறகு பார்த்துப் படியுங்கள். பைஃபாக்ஸில் ரிமோட் வசதி இருப்பதால் அதே வைஃபையில் உள்ள இன்னொரு கருவியின் பிரவுசரிலும் எண் தெரியும். கழுத்தைத் திருகி ஸ்கிரீனை எட்டிப் பார்த்தால் மூட்டும் கூடவே நகர்ந்துவிடும்.

## 6. முழங்கால்

அதிகம் பேர் அளப்பதும் அதிகம் பேர் தவறு செய்வதும் இங்கேதான்.

போனைக் கணைக்காலில் மட்டும் வைத்து அளப்பது போதாது. தொடை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரியாதவரை கணைக்கால் எண்ணுக்குப் பொருளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அளப்பவர் தொடை மட்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். மெத்தை வைத்த இருக்கையில் அது அரிதாகவே மட்டமாக இருக்கும். ஆகவே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்.

இரண்டு கோடுகளைக் குறியுங்கள். ஒன்று, இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பிலிருந்து முழங்காலின் வெளிப்புற எலும்பு முண்டுவரை. மற்றது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் கையில் தட்டுப்படும் எலும்புத் தலையிலிருந்து கணுக்காலின் வெளிப்புற எலும்புவரை. போனின் விளிம்பு இந்தக் கோடுகளின்மேல் வர வேண்டும். தொடையின் முன்பக்கத்தில் வைப்பது சுலபம்தான், ஆனால் காயத்துக்குப் பிறகு முன்தொடைத் தசை வற்றும், முழங்கால் வீங்கும், வடியும். தோலின் சரிவு வாரத்துக்கு வாரம் மாறும். எலும்பின் கோடு மாறாது.

மடக்குதல். மல்லாந்து படுத்து, குதிகாலை இடுப்பை நோக்கி இழுத்துக்கொண்டு வாருங்கள். தரை வழுக்காவிட்டால் குதிகாலின் கீழே பிளாஸ்டிக் தாள் போடலாம். எல்லையில் நிற்கும்போது கூட இருப்பவர் தொடைக் கோட்டைப் படிக்கட்டும், பிறகு கணைக்கால் கோட்டை. தொடை 52, கணைக்கால் 44 என்றால் மடக்கம் 96 டிகிரி. தொடை முழங்காலை நோக்கி ஏறுகிறது, கணைக்கால் அங்கிருந்து இறங்குகிறது, அதனால் கூட்டுகிறோம்.

நீட்டுதல். குதிகாலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் அந்தரத்தில் தானாகத் தாழ விடுங்கள். துண்டு இல்லாவிட்டால் கெண்டைச்சதை தரையில் தட்டி, முழு நீட்டலை மறைத்துவிடும். இப்போது தொடையும் கணைக்காலும் இரண்டுமே பாதத்தை நோக்கி ஏறும், அதனால் கழிக்க வேண்டும். தொடை 10, கணைக்கால் 2 என்றால் 8 டிகிரி நீட்டல் குறைவு. தொடை 4, கணைக்கால் 7 என்றால் கால் நேர்கோட்டைத் தாண்டி 3 டிகிரி பின்னே வளைகிறது. கணைக்கால் பாதத்தை நோக்கி இறங்கினால் மறுபடியும் கூட்டல்தான்.

புதியவர்கள் மடக்கத்தையே துரத்துவார்கள். நீட்டலில் சில டிகிரி குறைந்தாலே நடை நொண்டும், முன்தொடை ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். எனவே முதலில் அளக்க வேண்டியது நீட்டலைத்தான். மடக்கத்துக்கு ஒரு பொதுக் கணக்கு: சமதரையில் நடக்க ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி, படி ஏறி இறங்க 85 முதல் 100, நாற்காலியிலிருந்து எழ 95க்குக் கொஞ்சம் முன்பின்.

துணைக்கு ஆள் இல்லாவிட்டால் முழங்காலுக்குப் பக்கவாட்டுப் புகைப்படமே போதும். எல்லையில் காலை நிறுத்திக்கொண்டு போனை இடம் மாற்றுவது ஒருவரால் ஆகிற காரியமில்லை.

## 7. கணுக்கால்

காலில் முழு எடை போட அனுமதி கிடைத்த பிறகுதான் இது. சுவரைப் பார்த்து நின்று, அளக்கும் பாதத்தை முன்னே வைத்து, முழங்காலை இரண்டாம் விரலின் நேராகச் சுவரை நோக்கிக் கொண்டுபோங்கள். குதிகால் தரையை விட்டு எழாத கடைசி இடத்தில், கணைக்காலின் முன் எலும்பில் போனை வையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தும் எலும்பு முண்டிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே என்று வைத்துக்கொண்டால் இடம் மாறாது. வேண்டியது செங்குத்திலிருந்து கணைக்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. ஆப் தரையிலிருந்து 58 என்று காட்டினால், 90இலிருந்து கழித்து 32 என்று எழுதுங்கள்.

குதிகால் எழுவது கண்ணுக்குத் தெரியாது. காகிதத் துண்டு ஒன்றைக் குதிகாலின் கீழே வைத்து, கூட இருப்பவர் இலேசாக இழுத்துக்கொண்டே இருக்கட்டும். உருவிக்கொண்டு வந்துவிட்டால் அந்த அளவு செல்லாது. உள்பாதம் தட்டையாகச் சரிவதும் முழங்கால் உள்ளே சாய்வதும் இதே போன்ற ஏமாற்றுதான். எண் கூடும், ஆனால் அது கணுக்காலின் அசைவல்ல.

## 8. தோள்பட்டை

நின்றபடி கையைத் தூக்கினால் முதுகு பின்னே வளைந்து பாதி வேலையைச் செய்துவிடும். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பு தரையோடு படியும், முதுகு வளைவது குறையும். போன் மேல்கையில், தோளிலிருந்து முழங்கையின் வெளிப்புற முண்டுவரை போகும் கோட்டில் இருக்க வேண்டும். முன்கையில் வைத்தால் முழங்கை மடங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும். கை செங்குத்தானால் 90, அதைத் தாண்டினால் முன்பு சொன்ன எண் திரும்பும் சிக்கல் வரும்.

வெளிப்புறத் திருப்பலுக்கும் அதே படுக்கை. மேல்கை உடலோடு ஒட்டி, முழங்கையின் கீழே மடித்த துண்டு, முழங்கை 90 டிகிரி மடங்கி, முன்கை கூரையைப் பார்க்கட்டும். அங்கே பூஜ்யம். போனை முன்கையில் வைத்து வெளியே சாயுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேல்கை பின்னே தொங்கி, தோளின் முன்பக்கம் வலிக்கும். முழங்கை விலாவை விட்டு விலகினால் நிறுத்துங்கள்.

முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவதைப் போனால் அளக்க முடியாது. கட்டைவிரல் எங்கே எட்டுகிறது, இடுப்புப் பட்டையா, நடுமுதுகா என்று எழுதிவைத்தால் போதும்.

## 9. முழங்கை, முன்கை, மணிக்கட்டு

முழங்கைக்கு முழங்கால் முறையேதான்: மேல்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை 30 முதல் 130 டிகிரிக்குள் முடிந்துவிடும். கடைசி சில டிகிரி நீட்டல் வரவில்லை என்பதற்காகக் கையை வலிந்து இழுக்காதீர்கள். முழங்கையை முரட்டுத்தனமாக நீட்டினால் விறைப்புதான் கூடும்.

முன்கையைப் புரட்டும் அசைவுக்கு முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கத் தொடங்குங்கள். போனைக் கையில் பிடித்துச் சுழற்றினால் மணிக்கட்டு அசைவும் சேரும்; மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் தட்டையான புறத்தில் வையுங்கள்.

மணிக்கட்டில் போனின் எடையே சிக்கல். 200 கிராம் சுற்றி எடையுள்ள ஒன்றைக் கட்டுப் பிரித்த புதிதில் புறங்கையில் வைத்தால் கை தானாகத் தாழும். உதவியாளர் போனை ஏந்தி, புறங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடிக்கட்டும். விரல் மூட்டுகளுக்குப் போன் மிகப் பெரிது. மூட்டுக் கோணத்தை அளக்கும் கருவியான கோனியோமீட்டர், அதிலும் சிறியதுதான், அங்கே கைகொடுக்கும்.

## 10. எழுதிவைப்பது

வாரத்துக்கு இரண்டு முறை போதும். தினமும் அளந்தால் ஏற்ற இறக்கம்தான் கண்ணில் படும், மனமும் அதோடு ஏறி இறங்கும்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், மூட்டு, சொந்த பலமா உதவியா, படுத்தா நின்றா, மூன்று எண்கள், எல்லையில் வலி பத்துக்கு எவ்வளவு என்பவை இருக்கட்டும். முழங்காலானால் சில்லின் நடுவில் அளவு நாடாவால் சுற்றளவையும் எடுங்கள். மடக்கம் 10 டிகிரி குறைந்த நாளில் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால், காரணம் பெரும்பாலும் வீக்கம். அன்று வலிந்து மடக்குவது பயன் தராது.

நீட்டல் குறைவைக் கழித்தல் குறி போட்டு எழுதாதீர்கள். −5 என்பதை ஒருவர் குறைவு என்று படிப்பார், இன்னொருவர் பின்வளைவு என்று படிப்பார். "நீட்டல் 8 குறைவு, மடக்கம் 96" என்று சொற்களிலேயே எழுதுங்கள். ஒரே ஆள் அளப்பதும் முக்கியம். ஆள் மாறினால் அதையும் குறியுங்கள்.

## 11. எண்ணை வாசிப்பது

ஒரே ஆள், ஒரே முறை என்றாலும் ஐந்து டிகிரி வரையிலான வித்தியாசத்தை முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ சொல்ல முடியாது. ஆள் மாறினால் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஆப் 96.3 என்று தசமத்தோடு காட்டுவது திரையின் பெருமை மட்டுமே. 96 என்று எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று நான்கு அளவுகள் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். இரண்டு வாரமாக எண் அசையவில்லை என்றால் பயிற்சியை நீங்களாகக் கூட்டாமல் நோட்டைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

முதல் சந்திப்பிலேயே அவர் கோனியோமீட்டரால் அளக்கும்போது நீங்களும் போனால் அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் 6 டிகிரி வித்தியாசம் வந்தால் கவலையில்லை, அந்த 6ஐக் குறித்துவைத்தால் போதும்.

கீழே உள்ளவை வந்தால் அளப்பதை விட்டுவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள்: முன்பு வந்த கோணம் திடீரென்று வராமல் போவது, முழங்கால் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு மடங்கவோ நீளவோ மறுப்பது, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடிப்பது, புதிதாக மரத்துப்போவது, கெண்டைச்சதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது. கெண்டைச்சதை வீக்கத்தோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.